கருப்புக் குஞ்சை விற்றுவிடாதீர்கள்: ஏற்காட்டில் லாவெண்டர் பிரம்மாக் கோழி வளர்க்கும் விதம்

2018 தை மாதம், சேலத்துக்குப் பக்கத்தில் ஒருவரிடம் லாவெண்டர் என்னும் சாம்பல் நிறப் பிரம்மாக் கோழி என்று நம்பி ஒரு ஜோடி வாங்கினேன். விலை 6,500 ரூபாய். அந்த வருட மிளகுக் காசில் பாதி அதற்கே போனது. அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, மடியில் வைத்துக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் ஏறி வந்தேன். அந்த ஜோடியின் முதல் ஈடு 11 குஞ்சு பொரித்தது. 3 குஞ்சு கருப்பு, 2 வெளிறிய மஞ்சள், மிச்சம் 6 சாம்பல். அத்தை கூடைக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, தாயும் தகப்பனும் ஒரே சாம்பலு. குஞ்சு மட்டும் எப்படி மூணு தினுசுல வந்துச்சு?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. பதில் தெரிந்துகொள்ள ஒரு வருடம் ஆனது. நான் வாங்கியது லாவெண்டரே இல்லை, அதே மாதிரி சாம்பலாகத் தெரியும் ப்ளூ என்ற வேறு நிறம். விற்றவருக்கும் அது தெரியாமல் இருந்திருக்கலாம். இன்றைக்கும் நம் பக்கத்தில் சாம்பலாக எது இருந்தாலும் லாவெண்டர் என்றுதான் விலை சொல்கிறார்கள். அந்த ஒரு வருடம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நாகலூர் போகும் பாதையில் காபியும் மிளகும் போட்ட எங்கள் சின்னத் தோட்டத்தில் இப்போது லாவெண்டர் பிரம்மா நிலைத்திருக்கிறது. அதைக் கொண்டுவந்த வழி இது.

கோழியைப் பற்றி முதலில் கொஞ்சம். பிரம்மா என்ற பெயர் பிரம்மபுத்திரா நதியிலிருந்து வந்தது. ஆனால் 1840களில் கப்பலேறி அமெரிக்கா போன மூலக் கோழிகள் புறப்பட்டது சீனாவின் ஷாங்காய் துறைமுகத்திலிருந்து. அமெரிக்காவில் சிட்டகாங் பக்கத்துக் கோழியின் ரத்தமும் சேர்ந்தது. பட்டாணிக் கொண்டையும், கண்ணுக்கு மேல் கூரை போட்டது மாதிரி துருத்திய புருவமும் அந்த வழியில் வந்தவை. 1852இல் ஜார்ஜ் பர்னம் என்பவர் விக்டோரியா மகாராணிக்கு 9 கோழிகளைப் பரிசாக அனுப்பினார். அதற்குப் பிறகு இதன் விலை எங்கேயோ போய்விட்டது. கோழி ஜாதிகளுக்கான அமெரிக்கத் தர நூலில் லைட், டார்க் என்ற இரண்டு நிற வகையும் 1874இலும் பஃப் என்ற நிறம் 1924இலும் ஏறின. அந்த நூல் ஒப்புக்கொண்டது இந்த மூன்றைத்தான். லாவெண்டர் பிற்பாடு ஆட்கள் பாடுபட்டுக் கொண்டுவந்த நிறம். அதனால்தான் அரிது. கவனமில்லாமல் கைமாறினால் நிறம் மட்டும் மிஞ்சி, பிரம்மாவின் உடம்பு காணாமல் போய்விடுவதும் அதனால்தான்.

உடம்பு என்றால் என்ன என்று கேட்பீர்கள். வளர்ந்த சேவல் 5.4 கிலோ, பெட்டை 4.3 கிலோ என்பது தர நூல் சொல்லும் எடை. ஆளைக் கண்டால் ஓடாது, கொத்தாது. எங்கள் வீட்டு வாண்டுகள் சேவலைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிவார்கள், அது சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். நாட்டுச் சேவலிடம் அந்த விளையாட்டு நடக்காது.

ப்ளூவா லாவெண்டரா

காலை 7 மணி வாக்கில், பனி விலகி வெளிச்சம் சாய்ந்து விழும் நேரத்தில், கோழியை மடியில் வைத்து ஒரு பக்க றெக்கையை விசிறி மாதிரி விரித்துப் பாருங்கள். நெஞ்சிலிருந்து ஒரு இறகைத் தனியாகப் பிரித்துக் கட்டைவிரல் நகத்தின் மேல் வையுங்கள். ப்ளூ என்றால் இறகின் ஓரத்தில் கருங்கரை ஓடும், வெண்பட்டு வேட்டிக்குக் கரை போட்ட மாதிரி. சேவலானால் கழுத்தும் முதுகும் மற்ற இடத்தைவிட நன்றாகவே கருத்திருக்கும். லாவெண்டரில் கரை கிடையாது. தண்டிலிருந்து ஓரம் வரைக்கும், தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரே நிறம். விறகு எரிந்து ஆறின பிறகு மேலாகப் படிந்திருக்கும் சாம்பலில் லேசாக ஊதா தட்டினால் எப்படி இருக்குமோ அப்படி.

இரண்டுக்கும் காரணமே வேறு. ப்ளூ மரபணு ஒன்று இருந்தால் கருப்பு வெளுத்துச் சாம்பலாகும். இரண்டு இருந்தால் இன்னும் வெளுத்து, மை தெளித்த வெள்ளையாகும். அதைத்தான் ஸ்ப்ளாஷ் என்கிறார்கள். அதனால் ப்ளூவையும் ப்ளூவையும் சேர்த்தால் நாலில் ஒன்று கருப்பு, இரண்டு ப்ளூ, ஒன்று ஸ்ப்ளாஷ் என்ற கணக்கில் வரும். எங்கள் கூடையில் 3, 6, 2 வந்தது இதே கணக்குதான். வெளிறிய மஞ்சளாக இருந்த இரண்டும் இறகு முளைத்தபோது ஸ்ப்ளாஷ் ஆயின.

லாவெண்டரில் கருமை குறைவதே இல்லை. மெலனோஃபிலின் என்ற மரபணுவில் வந்த மாற்றத்தால், கருமைத் துகள் இறகு முழுக்கச் சீராகப் பரவாமல் அங்கங்கே திட்டாகத் தேங்கிவிடுகிறது. வெள்ளைத் துணியில் கரித்தூளைக் கரைத்து ஊற்றாமல் பொட்டுப்பொட்டாகத் தட்டினால் தள்ளி நின்று பார்க்கச் சாம்பலாகத் தெரியுமே, அதே விஷயம். இந்த மாற்றம் தாய் வழியிலும் தகப்பன் வழியிலும், இரண்டிலும் வந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் கோழி சாதாரணக் கருப்பாகவே இருக்கும், லாவெண்டரை உள்ளே சுமந்துகொண்டு. நாங்கள் அதை ஸ்ப்ளிட் என்போம்.

ஆகவே வாங்கப் போகும் இடத்தில் ஜோடியை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். அதே ஜோடியின் குஞ்சுகளைக் காட்டச் சொல்லுங்கள். லாவெண்டரும் லாவெண்டரும் சேர்ந்தால் அத்தனையும் லாவெண்டர்தான் வரும். நடுவில் ஒரு ஸ்ப்ளாஷ் குஞ்சு நின்றாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

எதை வாங்குவது

லாவெண்டர் ஜோடி தேடி அலைய வேண்டாம். நல்ல லாவெண்டர் சேவல் ஒன்று, நல்ல கருப்புப் பிரம்மா பெட்டை மூன்று நான்கு. இது போதும், செலவும் குறைவு. ஜோடியாக வரும் லாவெண்டர் பெரும்பாலும் அண்ணன் தங்கையாகவே இருக்கும்.

பெட்டைகளை எடுக்கும்போது நிறத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் கால். வெளிவிரலில் மட்டுமில்லாமல் நடுவிரலிலும் இறகு இருக்க வேண்டும். நடுவிரல் மொட்டையாக இருந்தால் கலப்பு எங்கேயோ நடந்திருக்கிறது. முழங்கால் மூட்டிலிருந்து பின்பக்கம் நோக்கி, கழுகுக்கு இருப்பதுபோல விறைப்பான இறகு நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் குறைதான், வேண்டாம். அடுத்து கொண்டை. தலையோடு ஒட்டி மூன்று வரிசையாகச் சின்னச்சின்ன மேடு இருக்க வேண்டும், நடு வரிசை கொஞ்சம் உயரமாக. நாட்டுக்கோழி மாதிரி ஒற்றை ரம்பக் கொண்டையோடு ஒரு குஞ்சு வந்தாலும் அந்த வழியில் வேறு ஜாதி ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு தூக்கிப் பாருங்கள். பிரம்மாவுக்கு இறகு மிக அடர்த்தி, கண்ணுக்கு யானை மாதிரி தெரிவது கைக்கு வாத்து கனம்கூட இருக்காது. நெஞ்செலும்பை விரலால் தடவி, அது வளையாமல் நேராக ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சேவலுக்கு இன்னொன்று உண்டு. லாவெண்டர் கருப்பு நிறத்தை மட்டும் வெளுக்காது, சிவப்பையும் வெளுத்து வைக்கோல் நிறமாக்கிவிடும். சேவலின் கழுத்திலும் இடுப்பிலும் வைக்கோல் மஞ்சள் ஓடியிருந்தால் உள்ளே பொன்னிறம் ஒளிந்திருக்கிறது. அது மகன்களிலும் வரும். வெயிலில் அதிகம் நின்றாலும் மேல் இறகு மங்கி மஞ்சள் தட்டும்தான், ஆனால் அது இறகு உதிர்த்துப் புதிதாக முளைக்கும்போது சரியாகிவிடும். எதுவென்று சந்தேகம் வந்தால், வெயில் படாத உள் இறகைத் தூக்கிப் பாருங்கள். அங்கேயும் மஞ்சள் இருந்தால் வாங்க வேண்டாம்.

எனக்கு ஈரோடு பக்கத்தில் ஒரு சேவல் 2019இல் கிடைத்தது. வீட்டில் சாம்பலான் என்று கூப்பிடுகிறோம்.

மூன்று வருடக் கணக்கு

முதல் வருடம் சாம்பலானைக் கருப்புப் பெட்டைகளோடு விட்டேன். 23 குஞ்சு. இருபத்துமூன்றும் கருப்பு, வயிற்றில் மட்டும் வெள்ளை. கருப்புக் கோழிக் குஞ்சுக்கு அந்த வெள்ளை இயல்பு, வளர வளரப் போய்விடும், அதைக் குறை என்று எண்ணாதீர்கள். ஊரில் பார்த்தவர்கள், "காசைக் கொட்டிக் கருப்புக் குஞ்சுதான் எடுத்தியா?" என்றார்கள். புரட்டாசி மாதம் ஒரு வியாபாரி வந்து ஒன்று 400 ரூபாய் என்று கேட்டார். தீவன பாக்கி நின்றது. ஆறு பெட்டையைக் கொடுத்துவிட்டேன். அதில் கூட்டத்திலேயே பெரியது ஒன்று, அகன்ற முதுகோடு, ஏழாவது மாதத்திலேயே மூன்றரைக் கிலோவைத் தாண்டியிருந்தது. அந்த ஆறில் ஒவ்வொன்றும் ஸ்ப்ளிட். லாவெண்டரைத்தான் 400 ரூபாய்க்குக் கொடுத்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை. அந்தப் பெரிய பெட்டையை இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

லாவெண்டர் சேவலுக்கும் கருப்புப் பெட்டைக்கும் பிறந்தது எல்லாமே ஸ்ப்ளிட், சந்தேகமே வேண்டாம். அவற்றில் பெரிய பெட்டை ஐந்தாறு, நல்ல சேவல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வருடம் இரண்டு வழி உண்டு. ஸ்ப்ளிட்டையும் ஸ்ப்ளிட்டையும் சேர்த்தால் நாலில் ஒன்று லாவெண்டர், மூன்று கருப்பு. அந்த மூன்றில் இரண்டு ஸ்ப்ளிட், ஒன்று வெறும் கருப்பு. எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. இந்தக் குழப்பத்தால் நான் அந்த வழியில் போவதில்லை. லாவெண்டர் சேவலை ஸ்ப்ளிட் பெட்டையோடு சேர்த்தால் பாதி லாவெண்டர், பாதி கருப்பு வரும், கருப்பு அத்தனையும் நிச்சயமாக ஸ்ப்ளிட். எதைக் கையில் எடுத்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். வேறு லாவெண்டர் சேவல் கிடைத்தால் அதைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் தகப்பனையே ஒரு முறை போடலாம். திரும்பத் திரும்பச் செய்தால் கூமுட்டை கூடும், குஞ்சு சோனியாகும்.

2021 மாசியில் எங்கள் முதல் லாவெண்டர் குஞ்சு வந்தது. அத்தைதான் முதலில் பார்த்தார். நாட்டுக்கோழியின் றெக்கைக்கு அடியிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது, கருப்பு உடன்பிறப்புகளுக்கு நடுவே, ஈரம் காயாத வெள்ளி நிறத்தில். கையில் எடுத்தால் இரண்டு காலிலும் விரல் நுனி வரை மெல்லிசாகப் பஞ்சு ஒட்டியிருந்தது. அத்தை அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய், ஒன்றும் பேசாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் வருடம்தான் உண்மையான வேலை. நிறம் வந்துவிட்டது, இனி லாவெண்டரையும் லாவெண்டரையும் சேர்த்துக்கொண்டே போகலாம் என்று ஆசை வரும். அத்தனையும் லாவெண்டராக வரும், விற்கவும் சுலபம். ஆனால் லாவெண்டரோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு இறகுக் குறை இருக்கிறது. நாலாவது மாதம் வாக்கில் வாலைப் பாருங்கள். இறகின் இழைகள் ஒன்றோடொன்று கொக்கி மாட்டாமல் பிரிந்து, தேய்ந்த தென்னந்துடைப்பம் மாதிரி நிற்கும். றெக்கை நுனியிலும் வரும். லாவெண்டருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் இது ஏறிக்கொண்டே போகும், எடையும் இறங்கும். மருந்து எதுவும் கிடையாது. நல்ல கருப்பின் ரத்தத்தைத் திரும்ப ஏற்றி, வால் ஒழுங்காக இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை இனப்பெருக்கத்திலிருந்து ஒதுக்க வேண்டும். வால் கெட்ட லாவெண்டர் பெட்டையா, வால் நன்றாக இருக்கும் ஸ்ப்ளிட் பெட்டையா என்று வந்தால் நான் ஸ்ப்ளிட்டைத்தான் எடுப்பேன். இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது, வேறு இடத்துக் கருப்புப் பிரம்மா ஒன்றை உள்ளே கொண்டுவருகிறேன்.

யாரிடமாவது வாங்கிய கருப்பு ஸ்ப்ளிட்டா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் அதை லாவெண்டரோடு சேர்த்துப் பாருங்கள். ஒரே ஒரு லாவெண்டர் குஞ்சு வந்தாலும் ஸ்ப்ளிட். எட்டு குஞ்சு பொரித்து எட்டும் கருப்பாக இருந்தால், அது பெரும்பாலும் ஸ்ப்ளிட் இல்லை; ஸ்ப்ளிட்டாக இருந்தால் எட்டும் கருப்பாக வர 256இல் ஒரு வாய்ப்புதான்.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் எந்தக் குஞ்சு யாருடையது என்று தெரிய வேண்டும். நான் காலில் கலர் கலராகக் கேபிள் டை போடுகிறேன். ஸ்ப்ளிட்டுக்குப் பச்சை, வெளியிலிருந்து வந்த கருப்புக்குச் சிவப்பு. ஒரு எச்சரிக்கை: பிரம்மாவின் கால் இறகுக்குள் டை மறைந்துவிடும். வளரும் காலில் அது இறுகுவது வெளியே தெரியாது. ஒரு முறை எனக்கு ஒரு சேவல் குஞ்சு நொண்டியபோது இறகை விலக்கிப் பார்த்தால் டை சதைக்குள் இறங்கியிருந்தது. இப்போது மாதாமாதம் முதல் தேதி ஒவ்வொரு காலையும் விரலால் தடவிப் பார்த்து மாற்றிவிடுகிறேன்.

சேர்ப்பதும் அடை வைப்பதும்

ஒரு சேவலுக்கு நாலு பெட்டை. சேர்ப்பதற்கு முன் இரண்டுக்கும் பின்பக்கத் துவாரத்தைச் சுற்றிய இறகைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். இந்த ஜாதிக்கு அங்கே இறகு மெத்தை மாதிரி இருக்கும், சேர்க்கை சரியாக நடக்காது. நான் வெட்ட ஆரம்பித்த பிறகு கூமுட்டை பாதிக்கு மேல் குறைந்தது.

பெட்டை முட்டையிட 7 மாதத்துக்குக் கீழே ஆகாது, 9 மாதமும் ஆகும். அவசரப்பட்டு என்ன செய்தாலும் முன்னால் வராது. முட்டை பழுப்பு. குளிர்காலத்தில் நிற்காமல் இடும் என்பதுதான் அந்தக் காலத்தில் இதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது, நம் மலைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

பிரம்மா தானாகவும் அடை உட்காரும். ஆனால் நாலு கிலோ உடம்பு முட்டையை நொறுக்கும், பொரித்த குஞ்சையும் மிதிக்கும். அதனால் எங்கள் வீட்டில் சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழிக்குத்தான் அந்த வேலை. கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு 8 முட்டை. அத்தை ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் வைக்காமல் கோழியை உட்கார விடமாட்டார், இடி இடித்தால் முட்டை கெடக்கூடாது என்று. நானும் அதை எடுத்துப் போட்டதில்லை. கீழே சேலத்திலிருந்து முட்டை கொண்டுவந்தால் உடனே வைக்காதீர்கள். வளைவுகளில் குலுங்கி வந்திருக்கும், கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் முழுக்க ஓரமாக வைத்துவிட்டு அப்புறம் வையுங்கள். இன்குபேட்டர் வைத்திருப்பவர்களுக்கு 37.5 டிகிரி, ஈரப்பதம் 50லிருந்து 55, பதினெட்டாம் நாளுக்குப் பிறகு 65க்கு மேல். 21ஆம் நாள் பொரியும்.

நான் தை கடைசியில் அடை வைப்பேன். மாசியில் குஞ்சு வந்தால் ஆனி மழைக்குள் முழு இறகு கட்டிவிடும். பிரம்மாக் குஞ்சுக்கு இறகு மெதுவாகத்தான் வரும், அதோடு மாசி இரவில் இங்கே நல்ல குளிர். முதல் வாரம் பல்புக்கடியில் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டு வாருங்கள், ஆறு வாரம் வரைக்கும் பல்பை எடுக்காதீர்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றாலும் குஞ்சே சொல்லிவிடும். குவிந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு.

கால்தான் எல்லாம்

பிரம்மாவைக் கெடுப்பது நோயைவிட ஈரம். செம்மண்ணும் எச்சமும் கால் இறகில் ஒட்டி, மிதித்து மிதித்து உருண்டையாகி, காய்ந்தால் கல் ஆகிவிடும். அதற்குள் விரல் புழுங்கிப் புண்ணாகும். அந்த உருண்டையைப் பிடித்து இழுக்கவே கூடாது. இறகு பிடுங்கி ரத்தம் வரும், நகமும் சேர்ந்து கழன்றுவிடும். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக் கோழியைப் பத்து நிமிடம் நிற்க வையுங்கள். பிரம்மா நிற்கும், அதன் குணம் அப்படி. ஊறியதும் விரலால் கரைத்து எடுத்துத் துணியால் ஒற்றி, காயும்வரை வீட்டுக்குள்ளேயே வையுங்கள்.

அது வராமல் பார்ப்பதற்கு: கூண்டுத் தரையில் நாலு விரற்கடைக்குக் குறையாமல் நெல் உமி. ஆத்தூர் பக்கத்து மில்லிலிருந்து மூட்டையாக வாங்கி வைக்கிறோம். தினமும் கிளறிவிட வேண்டும். தோட்டத்தில் சும்மா கிடக்கிறதே என்று காபித் தொலியைப் போட்டுப் பார்த்தேன். மழை மாதத்தில் மூன்றே நாளில் பூஞ்சை பிடித்தது, குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. மறுபடி போடவில்லை. புல்லில் பனி காயும்வரை, அதாவது காலை ஒன்பதரை வரைக்கும், கதவைத் திறப்பதில்லை. வாசலில் சரளை கொட்டியிருக்கிறோம், உள்ளே போகும்போது கால் கொஞ்சம் துடைபடும்.

இறகுக்கு அடியில் செதில் பூச்சி குடியேறினாலும் வெளியே தெரியாது. மாதாமாதம் டை மாற்றும்போதே செதில் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு அப்பினது மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கழுவிப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, வேப்பெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் சமமாகக் கலந்து வாரம் ஒரு முறை தடவுங்கள், ஒரு மாதம் விடாமல்.

பரண் ஒரு அடி உயரத்துக்கு மேல் வேண்டாம். எங்களுடையது சில்வர் ஓக் பலகை, நாலு அங்குல அகலம், விளிம்பு மழுக்கியது. அவ்வளவு எடை உயரத்திலிருந்து குதித்தால் உள்ளங்காலில் அடிபட்டுப் புண் வைத்து, அது ஆணி மாதிரி இறுகிவிடும். இரவில் மரநாய் வரும். கம்பிவலையைத் தரைக்குள் ஒரு அடி புதைத்திருக்கிறோம்.

தீவனத்தில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. குஞ்சுக்கு முதல் இரண்டு மாதம் புரதம் 20 சதவீதம் உள்ள ஸ்டார்ட்டர். பெரியதானதும் மக்காச்சோளம், கம்பு, கடலைப் புண்ணாக்கு, கொஞ்சம் கருவாட்டுத் தூள், முருங்கைக் கீரை, கிளிஞ்சல். சோளத்தை மட்டும் கொட்டாதீர்கள். சாதுவான கோழி, ஓடியாடாது, கொழுப்பு வைத்து முட்டையை நிறுத்திவிடும். இறகு உதிர்க்கும் மாதங்களில் கருவாட்டுத் தூளைக் கொஞ்சம் கூட்டுங்கள், புதிதாக வரும் இறகின் நிறத்தில் வித்தியாசம் தெரியும்.

வெள்ளைக் கழிச்சல் வராமலிருக்க ஏழாம் நாள் கண்ணில் லசோட்டா தடுப்பு மருந்து ஒரு சொட்டு, எட்டாவது வாரம் ஆர் 2 பி தடுப்பூசி. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். குஞ்சு எச்சத்தில் ரத்தம் கண்டால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

சேலத்தில் இருப்பவர்களுக்கு

அம்மாபேட்டையில் என் தங்கை ஆசைப்பட்டாள் என்று ஒரு சித்திரை மாதம் இரண்டு பெட்டையைக் கொடுத்தனுப்பினேன். மூன்றாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்குப் போன் வந்தது, ஒன்று வாயைப் பிளந்தபடியே சாய்ந்துவிட்டதென்று. தப்பு என்னுடையது. மலையில் வளர்ந்ததைக் கத்திரி வெயிலில் இறக்கினேன். பட்டாணிக் கொண்டையும் கால்வரை இறகும் குளிருக்கு ஆனவை. நாட்டுக்கோழி பெரிய கொண்டை, தாடி வழியே சூட்டை வெளியேற்றும். பிரம்மாவுக்கு அந்த வழி குறுகல்.

கீழே வளர்க்க முடியாது என்றில்லை, வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐப்பசிக்கும் தைக்கும் நடுவில் இறக்குங்கள், அதுவும் விடியற்காலை நாலு மணி வண்டியில். மொட்டை மாடி வேண்டாம், தகரக் கூரை வேண்டவே வேண்டாம். மர நிழலும் ஓலைக் கூரையும், மத்தியானம் பக்கவாட்டில் நனைத்த சாக்கும். மண் சட்டியில் தண்ணீர், வெயில் நாளில் மூன்று முறை மாற்றி. தீவனத்தைக் காலை ஆறு மணிக்கும் பொழுது சாய்ந்த பிறகும் போடுங்கள், பகலில் செரிமானச் சூடு சேர வேண்டாம். மின்விசிறி ஒன்று கட்டாயம். தங்கையிடம் மிஞ்சிய அந்த ஒரு பெட்டை, சமையலறை ஜன்னலுக்குக் கீழே வேப்ப மர நிழலில், நாலு கோடையைத் தாண்டிவிட்டது.

இந்தத் தையில் சாம்பலானின் பேரன் ஒன்றை, வால் கொஞ்சமும் பிரியாததை, மூன்று ஸ்ப்ளிட் பெட்டைகளோடு விட்டிருக்கிறேன். அந்த மூன்றும் போன வருடம் வெளியிலிருந்து எடுத்த கருப்புப் பெட்டை ஒன்றின் மகள்கள். சிறுவிடை எட்டு முட்டையில் உட்கார்ந்திருக்கிறது. நேற்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தோம், ஏழில் உயிர் பிடித்திருக்கிறது. ஏழில் எத்தனை கருப்பாக வந்தாலும் அத்தனைக்கும் போட பச்சை டை ஒரு பாக்கெட் வாங்கி ஆணியில் மாட்டியாயிற்று.